திறந்தது, வை. லி.

வைசன் லிக்கோங்வே இந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார். முப்பத்தோரு வருஷ வேலை. எங்கள் ஆய்விதழின் அடுத்த இதழில் அவரைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும், கூடவே இருந்து குப்பை கொட்டினவள் நீதான், நீயே எழுது எஸ்னாத் என்று ஆசிரியர் தெம்போ சொன்னார். சொன்ன கையோடு குரலைத் தாழ்த்தி, "அந்த மங்கோச்சி சமாச்சாரம் மட்டும் வேண்டாம்மா. நல்லதா நாலு வார்த்தை, போதும்" என்றார்.

நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். நேரம் தவறாதவர், கை சுத்தமானவர், அதிர்ந்து பேசாதவர். எல்லாம் உண்மைதான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? இப்போது எழுதுவது வேறு. இதை ஆசிரியர் கேட்கவில்லை, நானும் அவரிடம் கொடுக்கப்போவதில்லை.

மங்கோச்சி சமாச்சாரம் என்றால் ஒரு பெண்ணின் தோட்டம். அது அவளிடம் நிற்குமா, கைவிட்டுப் போகுமா என்பது, வைசன் அண்ணன் 2009ஆம் வருஷம் போட்ட ஒரு சிவப்புப் பென்சில் குறியில் வந்து நின்றது. அதை விட்டுவிட்டு அந்த மனிதரைப் பற்றி எழுதச் சொன்னால் நான் எதை எழுதுவேன்?

அவர் பிறந்தது தியோலோ தேயிலைத் தோட்டத்தில். நாலு வருஷம் உயர்நிலைப் பள்ளி, அதோடு சரி. சோம்பாவுக்கு வந்து எங்கள் ஆய்வு நிலையத்தில் எடுபிடியாகச் சேர்ந்தார். அச்சகத்துக்கும் அலுவலகத்துக்கும் சைக்கிளில் காகிதக் கட்டுகளைச் சுமந்தவர், சுமக்கும் வழியிலேயே படித்துப் படித்துப் பிழை கண்டுபிடிக்க ஆரம்பித்தார். "வாக்கியக் கடைசியில புள்ளி இல்லீங்க ஐயா" என்று சைக்கிளை நிறுத்தி வந்து சொல்வாராம். சரி, உட்கார்ந்தே செய் என்று மேசை கொடுத்துவிட்டார்கள். நான் தட்டச்சுக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே பிழை திருத்துகிறவர். எனக்கு எதிர் மேசை. முதல் நாளிலிருந்து நான் அவருக்குத் தங்கச்சி, அவர் எனக்கு அண்ணன்.

இணையம் வந்ததும் கட்டுரைகளின் கடைசிப் பக்கங்கள் மாறிப்போயின. முன்பெல்லாம் புத்தகப் பெயர், பக்க எண் என்று இருக்கும். பிறகு நீள நீளமாய் இணைய முகவரிகள் வரத் தொடங்கின, கோடும் புள்ளியும் எண்ணுமாய், வாய்விட்டுப் படிக்க முடியாத சங்கதி. ஆளுக்கு இருபது, முப்பது. இதெல்லாம் நிஜமாகவே இருக்கிறதா என்று யார் பார்ப்பது? மற்ற இதழ்களில் யாரும் பார்க்கவில்லை, அப்படியே அச்சடித்தார்கள். எங்கள் தெம்போ ஐயா அந்த வேலையை வைசன் அண்ணனிடம் கொடுத்தார். ஒவ்வொரு லிங்க்கையும் தட்டிப் பார்க்க வேண்டியது, திறந்தால் சிவப்புப் பென்சிலால் குறி போட வேண்டியது. அச்சில் அந்த முகவரிக்குக் கீழே சின்ன எழுத்தில், "திறந்தது", தேதி, "வை. லி." என்று வரும். இப்படி ஆள் பெயர் போட்டு அச்சடிக்கும் இதழ் வேறெங்கும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

தலைநகர் லிலோங்வேயிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் எங்கள் அறைக்கு வந்து, "யாருப்பா இந்த வை. லி.? சொர்க்கவாசலுக்கும் இவருதான் குறி போடணுமா?" என்று கிண்டலடித்தார். வைசன் அண்ணன் எழுந்து நின்று, "சொர்க்கம் திறக்குதான்னு தெரியாதுங்க ஐயா. உங்க கட்டுரையில ஏழாவது லிங்க் திறக்கலை" என்றார். பேராசிரியர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

ஒரே ஒரு கணினியில்தான் இணையம். அதுவும் ஆமை. ஒரு பக்கம் மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கும். அது இறங்கி முடிக்கும்வரை அண்ணன் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். அறையில் யாரும் பேசக்கூடாது என்று அர்த்தம்.

"பேசாதீங்க தங்கச்சி, வந்துக்கிட்டிருக்கு."

"நான் பேசினா அது பயந்துக்கிட்டுத் திரும்பிப் போயிடுமாக்கும்?"

"போனாலும் போகும். போன வாரம் போச்சு."

திறக்காத முகவரி என்றால் எழுதினவருக்குக் கடிதம் போகும். நான்தான் தட்டச்சு செய்வேன். ஒருவர் கோபமாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, போன மாதம் திறந்ததே என்று கத்தினார். "போன மாசம் மழைகூடப் பெஞ்சுது ஐயா. அதுக்காக இன்னிக்கு நனைவீங்களா?" என்று அண்ணன் நிதானமாகக் கேட்டார். அப்படிப்பட்டவர். திறக்காததைத் திறந்தது என்று ஒரு முறைகூடக் குறி போட்டதில்லை. அது அவருடைய பெருமை. பெருமை என்று அவர் சொன்னதில்லை, நான் சொல்கிறேன்.

அச்சாகி வந்த பிறகு அந்த முகவரிகள் சாகத் தொடங்கும். அதை முதலில் கவனித்ததும் அவர்தான். வேலை குறைந்த நாட்களில் பழைய இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். வெள்ளைக்காரர்களின் திட்டம் ஒன்று முடிந்தால் அதன் தளமும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். அலுவலகம் பெயர் மாறினால் பழைய முகவரி அனாதை. பக்கம் காணவில்லை, பக்கம் காணவில்லை என்றே வரும். கறுப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் போட்டு, "இதுவும் போச்சு" என்பார். ஐந்து வருஷத்துக்கு முந்தைய இதழில் பாதிக்கு மேல் கறுப்பு. அவர் முகத்தில் அப்போது ஒரு வாட்டம் வரும். நான், "நீங்க பார்க்கும்போது உயிரோடதானே இருந்துச்சு, விடுங்கண்ணே" என்பேன். அப்படித்தான் அவரும் தன்னைத் தேற்றிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இனி 2009. காகிதத்துக்குத் தட்டுப்பாடு. இதழின் பக்கத்தைக் குறைக்க வேண்டும். கட்டுரையோடு வரும் பட்டியல், வரைபடம், இணைப்புத் தாள் எதையும் இனி அச்சடிக்க வேண்டாம், நம் நிலையத்தின் இணையத்தளத்தில் ஏற்றிவிட்டு முகவரியை மட்டும் போடுவோம் என்று ஆசிரியர் குழு கூடி முடிவெடுத்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். எனக்குத் தட்டச்சு வேலை குறையுமே.

அந்த இதழில் டாக்டர் மெர்சி நங்கோமா எழுதிய கட்டுரை ஒன்று இருந்தது. ஏரிக்கரையில் நமசிம்பா என்ற கிராமத்தின் தோட்டங்களைப் பற்றியது. எங்கள் பக்கம் நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது, புருஷன்தான் பெண்டாட்டி ஊருக்கு வந்து குடியிருப்பான். அதனால் மெர்சி வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம்தான் எழுதி வாங்கியிருந்தாள். யாருடைய தோட்டம், எந்த மரத்திலிருந்து எந்த ஓடை வரை, அம்மா பெயர், அம்மாவின் அம்மா பெயர், கீழே பெருவிரல் ரேகை. அறுபத்துநாலு தாள். நீல மையில் கையால் வரைந்த படங்கள். அத்தனையையும் கடைத்தெருவில் ஸ்கேன் எடுத்துத் தளத்தில் ஏற்றினார்கள். கட்டுரையில் ஒரே ஒரு வரி: தோட்டங்கள், உரியவர்கள், எல்லைகளின் முழு விவரத்துக்கு இந்த முகவரியைப் பார்க்கவும். அதற்குக் கீழே, திறந்தது, 14 ஜூலை 2009, வை. லி.

மூலத் தாள்கள் ஓர் அட்டைப் பெட்டியில் எங்கள் அறையில் கிடந்தன. வைசன் அண்ணன் தெம்போ ஐயாவிடம் கேட்டார்.

"இதை வச்சிருப்போமே ஐயா. ஒரு ஓரமாக் கிடந்துட்டுப் போகுது."

"நெட்ல ஏத்தியாச்சுப்பா, இனிமே உலகமே பார்க்கும். கரையான் திங்கறதுக்கா வச்சிருக்கணும்? இடத்தைக் காலி பண்ணு."

அண்ணன் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், தலையை ஆட்டிவிட்டார். வாசலில் மந்தாசிப் பணியாரம் சுட்டு விற்கிற பெண்ணைக் கூப்பிட்டுப் பெட்டியை எடுத்துக்கோ என்று சொன்னது நான். நானேதான். பொட்டலம் மடிக்கப் பழைய காகிதம் கேட்டுக்கொண்டே இருப்பாள். அடுத்த வாரம் நான் வாங்கின மந்தாசியின் எண்ணெயில் நனைந்த ஒரு தாளில் நீல மையில் ஓடை ஒன்று வளைந்து போனது. சாப்பிட்டுவிட்டுக் கசக்கிப் போட்டேன். அப்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

நாலு வருஷத்தில் மெர்சி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய கணினியை உறவுக்காரர்கள் யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள், அதில் என்ன இருந்தது என்று பார்க்க ஆள் இல்லை. எங்கள் நிலையத்தின் தளத்தைப் பார்த்துக்கொண்ட கணினிக்காரரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். தளத்தின் பெயரை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் என்பதே அவர் போன பிறகு யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு நாள் அது திறக்கவில்லை. சரி, புதுசாக ஒன்று வைத்துக்கொள்வோம் என்று வேறு பெயரில் வைத்தார்கள். பழையதில் இருந்தது எங்கே என்று கேட்டவர் வைசன் அண்ணன் ஒருவர்தான். "பார்க்கலாம் பார்க்கலாம்" என்றார் தெம்போ ஐயா.

போன வருஷம் ஜூன். சிப்பெரோனிச் சாரல் நாலு நாளாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மலை கண்ணுக்கே தெரியவில்லை. காலையில் ஒரு அம்மாள் அறை வாசலில் வந்து நின்றாள். அறுபதைத் தாண்டியவள். இடுப்பில் சுற்றியிருந்த நனைந்த சித்தெஞ்சேத் துணிக்குள்ளிருந்து எங்கள் இதழை எடுத்தாள். அட்டை கிழிந்திருந்தது, உள்ளே ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தாள்.

"வை. லி.ங்கிறது யாரு?"

அண்ணன் எழுந்து நின்றார்.

"நான் நமசிம்பாவிலேர்ந்து வர்றேன். அபிதி சைதும்பாங்க." ஏரிக்கரைப் பெண்களை இன்னாரின் மகள் என்றுதான் கூப்பிடுவார்கள். அபிதி சைது என்றால் சைதுவின் மகள். "மெர்சியம்மா எங்க ஊர்ல வந்து உக்காந்து எழுதினாங்க. புத்தகம் வந்ததும் ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாங்க. இதைப் பத்திரமா வச்சுக்குங்க, யாராவது வந்து கேட்டா இதைக் காட்டுங்கன்னாங்க. இப்ப வந்து கேட்டுட்டாங்க தம்பி."

ஒரு விடுதிக் கம்பெனி. 2010இலேயே கரையைக் குத்தகை எடுத்துவிட்டதாம், ஊர்த்தலைவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். பன்னிரண்டு வருஷம் சும்மா விட்டு வைத்துவிட்டு இப்போது வந்து கம்பிவேலி போடுகிறார்கள். நாங்கள் எடுத்தபோது அது ஆளில்லாத புதர், இந்தப் பெண்கள் பிறகு வந்து புகுந்தவர்கள் என்பது அவர்கள் வாதம். வழக்கு மங்கோச்சியில் நில விசாரணை மன்றத்துக்குப் போயிருந்தது. மற்றப் பெண்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். அபிதி சைது ஒதுங்கவில்லை. அவளுக்கு இரண்டு மகள்கள், தோட்டம் போனால் அவர்களுக்குக் கால் வைக்க இடமில்லை.

"2009லேயே நான் ரேகை வச்சது இருக்குதுல்ல. அது இந்த லிங்க்ல இருக்குதாம். வக்கீல் பொண்ணு தட்டிப் பார்த்தா, ஏதோ பந்தயம் கட்டுற பக்கம் வருதாம். நீங்க திறந்தது திறந்ததுன்னு எழுதியிருக்கீங்களே, எங்க திறந்தீங்க? கொஞ்சம் திறந்து காட்டுங்க."

அவள் கேட்டதில் நக்கல் ஒன்றும் இல்லை. நிஜமாகவே அவரிடம் ஒரு சாவி இருக்கும் என்று நம்பி, நாலு மணி நேரம் மினிபஸ்ஸில் நசுங்கி வந்திருக்கிறாள். வைசன் அண்ணன் உட்கார்ந்து அந்த முகவரியைத் தட்டினார். கால்பந்துக்குப் பந்தயம் கட்டச் சொல்லி ஒரு பச்சைப் பக்கம் பளிச்சென்று வந்தது. எங்கள் பழைய பெயரை எவனோ வாங்கி வைத்திருக்கிறான். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்டுபிடிச்சுடலாம் அக்கா" என்றார் அண்ணன்.

ஐந்து வாரம் தேடினார். அவ்வளவு பைத்தியமாக அவரை நான் பார்த்ததில்லை. பழைய கணினிக்காரரைப் பிளான்டையரில் போய்ப் பிடித்தார். அந்த ஆள் வைத்திருந்த கணினி வன்தட்டு எப்போதோ எரிந்துபோயிருந்தது. மெர்சியின் உறவுக்காரர்களைத் தேடிப் போனார். ஸ்கேன் எடுத்த கடை இருந்த இடத்தில் இப்போது முடி பின்னுகிறார்கள். பழைய பக்கங்களைப் பிடித்துச் சேர்த்து வைக்கும் தளம் ஒன்று இருக்கிறது, அதில் எங்கள் பழைய முகப்பு அகப்பட்டது. தெம்போ ஐயாவின் சிரித்த படம், நிலையத்தின் முகவரி, இணைப்புத் தாள்கள் என்ற தலைப்பு, அதன் கீழே அறுபத்துநாலு வெற்றுக் கட்டங்கள். படங்களை அது பிடிக்கவில்லை. அண்ணன் அறுபத்துநாலையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். நான் எண்ணிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கடைசிக் கட்டத்தையும் தட்டிவிட்டு, அவர் எழுந்து கை கழுவப் போனார்.

வக்கீல் பெண் லுசியா தொலைபேசியில் பேசினாள். ஏழைகளுக்காக வாதாடும் சின்னப் பெண், கெட்டிக்காரி. தாள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதைக் கண்ணால் பார்த்த ஆள் வந்து சொன்னால் மன்றம் எடுத்துக்கொள்ளும் என்றாள். "அந்தப் பட்டியல்ல அபிதி சைது பேரு இருந்துச்சு, தோட்டத்தோட எல்லை இருந்துச்சுன்னு அவர் சொல்லணும். அச்சடிச்ச கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு. அவர் சொன்னா நிக்கும் மேடம்."

எனக்கு உயிர் வந்தது. அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"நான் படிக்கலையே தங்கச்சி."

"என்னது?"

"அன்னிக்கு நாப்பத்திரண்டு லிங்க். மூணு மணிக்கு மின்சாரம் போகும்னு சொல்லியிருந்தாங்க. அந்தப் பக்கம் ஊர்ந்து ஊர்ந்து வந்துச்சு. தலைப்பு வந்துச்சு. நமசிம்பா கிராமம், தோட்டங்களும் உரியவர்களும்னு. திறக்குதுன்னு குறி போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த லிங்க்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தலைப்பைப் பார்த்தா மீதியைப் பார்த்த மாதிரிதாண்ணே! அந்தம்மா பேரு அதுல இருந்தது நிஜமா இல்லையா? மெர்சி பொய்யா எழுதினா? இருந்ததை இருந்துச்சுன்னு சொல்றதுக்கு என்ன?"

"இருந்துச்சுன்னு எனக்கும் தெரியும். பார்த்தியான்னு கேப்பாங்களே."

"பார்த்தேன்னு சொல்லுங்க! வாயில என்ன கொழுக்கட்டையா? முப்பது வருஷம் யோக்கியனா இருந்தது போதும், ஒரு நாள் உபயோகமா இருங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வருகிறேன் என்று மட்டும் லுசியாவிடம் அவர் சொல்லச் சொன்னார்.

விசாரணைக்கு முதல் நாளே நானும் அவரும் நமசிம்பா போய்ச் சேர்ந்தோம். ஏரி பளபளவென்று கிடந்தது. கம்பிவேலி வெயிலில் புது மினுமினுப்போடு நீண்டு போனது. வேலியைத் தாண்டிக் காவல்காரன் விடவில்லை, வெளியிலிருந்தே கைகாட்டி அபிதி சைது தன் தோட்டத்தைச் சொன்னாள். "அந்தப் பெருமரம் தெரியுதா, வயிறு பெருத்த மரம்? அதுலேர்ந்து நாணல் வரைக்கும். நடுவுல மாமரம் எங்கம்மா வச்சது. அந்தாண்ட மரவள்ளி. எங்கம்மா பேரு அசியா, அவங்கம்மா பேரு மைமுனா. திருப்பிச் சொல்லுங்க தம்பி."

அண்ணன் திருப்பிச் சொன்னார். பெருமரம், நாணல், மாமரம், அசியா, மைமுனா. ஒரு பிழை இல்லை. பிழை திருத்துகிறவர் ஆயிற்றே. அவள் சந்தோஷப்பட்டு எங்களுக்கு மக்காச்சோள ந்சிமாக் களியும் பொரித்த உசிப்பா மீனும் வைத்தாள். "நல்லாச் சாப்பிடுங்க, நாளைக்கு நிறையப் பேசணும்ல" என்று அவர் தட்டில் இன்னும் மீனைப் போட்டாள். அவர் பாதியோடு கை கழுவினார்.

மன்றம் என்பது ஒரு நீளமான தகரக் கூரைக் கூடம். முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் பொறுமையான மனிதர். லுசியா இதழைக் காட்டினாள், பக்கத்தைக் காட்டினாள், கையெழுத்தைக் காட்டினாள்.

"வை. லி. என்பது நீங்கதானே?"

"நான்தாங்க."

"14 ஜூலை 2009 அன்னிக்கு இந்த முகவரி திறந்துச்சா?"

"திறந்துச்சுங்க." குரல் தெளிவாக இருந்தது. அபிதி சைது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுல என்ன பார்த்தீங்க?"

"நமசிம்பா கிராமம், தோட்டங்களும் உரியவர்களும்னு தலைப்பு."

"அதுக்குக் கீழே?"

நான் மனசுக்குள் கத்தினேன். பெருமரம், நாணல், மாமரம். சொல்லித் தொலையுங்கண்ணே! அவர் உதடு அசைந்தது. அசியா என்றுதான் ஆரம்பிக்கிறார் என்று நினைத்தேன். என் கையில் அவள் பிடி இறுகிக்கொண்டே போனது.

"கீழே பெயர்கள் இருந்துச்சா?" லுசியா எடுத்துக் கொடுத்தாள்.

"இருந்திருக்கும்மா."

"நீங்க பார்த்தீங்களா?"

அவர் லுசியா கையிலிருந்த இதழைப் பார்த்தார்.

"மிஸ்டர் லிக்கோங்வே, பார்த்தீங்களா?"

"பார்க்கலை."

லுசியா கண்ணை மூடிக்கொண்டாள். தலைவர் முன்னால் குனிந்து, "கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, அப்புறம் எதைப் பார்த்துப் போட்டீங்க?" என்று கேட்டார்.

"திறக்குதான்னு பார்க்கிறதுதான் ஐயா என் வேலை. உள்ள என்ன இருக்குன்னு படிக்கிறது என் வேலை இல்லை."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். கம்பெனி வக்கீல் எழுந்து கைப்பேசியைத் தலைவரிடம் நீட்டினார். "அதே முகவரிதாங்க ஐயா. இப்பவும் நல்லாத்தான் திறக்குது. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டலாம்." இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். கூடத்து வாசலில் நின்ற காவல்காரன்கூடச் சிரித்தான். வைசன் அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார், போகலாம் என்று தலைவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு முடிவைச் சொல்லிவிட்டார்கள். ஆவணம் இல்லை, பார்த்த சாட்சியும் இல்லை. வேலி இருக்கும். தலைவர் வருத்தத்தோடுதான் படித்தார். அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு மரவள்ளி நட முடியுமா?

வெளியே படியில் அபிதி சைது உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணன் அவள் எதிரில் போய் நின்று, "அக்கா" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தலைப்பு வரைக்கும் வந்துச்சுன்னு சொன்னீங்களே தம்பி."

"ஆமாங்கக்கா."

"மெர்சியம்மா முதல்ல எங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க. முதல் தாளு, தலைப்புக்குக் கீழே முதல் பேரு எங்கக்கா பேரு. அவ செத்துட்டா. ரெண்டாவது பேரு என்னோடது." விரல்களால் காற்றில் இரண்டு வரி காட்டினாள். "அவ்வளவு கிட்ட வந்துட்டுப் போயிட்டீங்க."

மகள்கள் வந்து அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது எங்களுக்குத் தலையசைத்து விடை சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

சோம்பா மினிபஸ்ஸில் ஜன்னல் ஓரமாக அண்ணன். காலையில் இருந்த கோபமெல்லாம் வடிந்துபோயிருந்தது, அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? லிவொண்டே ஆற்றுப் பாலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, அன்னிக்கு இன்னும் ரெண்டு வரி இறங்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"அரை நிமிஷம் இருக்கும்ணே."

"அதுக்குள்ள மின்சாரம் போயிருக்குமோ?"

போயிருக்கும் என்று அவருக்கு நான் சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் அதைத்தான் கேட்டார். ஆனால் எதிர் மேசையில் அன்றைக்கு நானும் இருந்தேன், ஐந்து மணி வரை கணினியில் தட்டச்சு செய்தேன்.

"இல்லண்ணே. அன்னிக்கு மின்சாரம் போகவே இல்லை" என்றேன்.